மழை நாளில் வீட்டுக்குள் என்ன படிக்கலாம், என்ன பார்க்கலாம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் மாடிப்படிக்குக் கீழே ஒரு புத்தக அலமாரி உண்டு. சாவி என்னிடம் இருக்கிறது. அதனால் ஐப்பசி பிறந்து வானம் இருண்டதும் கேள்விகளும் என்னிடமே வருகின்றன. புத்தகம் கேட்டு வருபவர்களில் பாதிப் பேர், "அப்படியே டிவியில பார்க்கவும் ஏதாச்சும் சொல்லுங்களேன்" என்று கேட்டுவிட்டுத்தான் போகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை, எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

மழை நாளுக்குன்னு தனியா புத்தகம், சீரிஸ் எல்லாம் இருக்கா என்ன? எது நல்லா இருக்கோ அதைப் பார்த்தா போதாதா?

போதாது என்பதுதான் என் அனுபவம். மழை நாள் என்றால் நேரம் கொட்டிக் கிடக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம். நடப்பது வேறு. கொடியில் இருந்த துணியை எடுக்க ஓட வேண்டும், பால்கனித் தண்ணீரைத் தள்ள வேண்டும், நடுவில் கரண்ட் போகும், யாராவது பஜ்ஜி கேட்பார்கள். சேர்ந்தாற்போல் முக்கால் மணி நேரம் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

அதனால் நான் பார்ப்பது இரண்டே விஷயம். எந்த இடத்தில் நிறுத்தினாலும் மறுபடி தொடர முடிய வேண்டும். முடித்த பிறகு ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கக் கூடாது. பெரிய பெயர், விருது, எல்லோரும் பேசுகிறார்கள் என்பதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

புத்தகத்தைத் தொட்டே பல வருஷம் ஆச்சு. எதுல ஆரம்பிக்கட்டும்?

சிறுகதையில். ஜெயமோகனின் 'அறம்' தொகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 2011இல் வந்தது. நிஜ மனிதர்களை அடிப்படையாக வைத்து எழுதிய கதைகள். முன்னுரையை விட்டுவிட்டு நேராக 'சோற்றுக்கணக்கு' கதைக்குப் போங்கள். திருவனந்தபுரத்தில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்த கெத்தேல் சாகிப், வந்தவர் வயிறு நிறையும் வரை போட்டுக்கொண்டே இருப்பார். காசு கேட்க மாட்டார். ஒரு பெட்டி இருக்கும், இருப்பதைப் போடலாம், போடாமலும் போகலாம். கையில் காசில்லாத ஒரு மாணவன் அங்கே சாப்பிட உட்காருகிறான். மழைக்கும் பசிக்கும் நடுவே படிக்க இதைவிடப் பொருத்தமான கதை எனக்குத் தெரியாது. அடுத்து 'யானை டாக்டர்'. டாப்ஸ்லிப் காட்டில் யானைகளுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தியைப் பற்றியது. 'நூறு நாற்காலிகள்' மட்டும் வெயில் நாளுக்கு இருக்கட்டும், அது நெஞ்சை அழுத்தும்.

சிரிக்க வேண்டும் என்றால் அ. முத்துலிங்கம். யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் பிறந்து, பல நாடுகளில் வேலை பார்த்துவிட்டு, கனடாவில் இருப்பவர். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அங்கிருந்தே படிக்கலாம். 'உண்மை கலந்த நாட்குறிப்புகள்' அவருடைய சுயசரிதை மாதிரியான நாவல், சின்னச் சின்ன அத்தியாயங்கள்.

சிறுகதை வேண்டாம், நாவல்தான் வேணும். ஆனா ஒரே நாள்ல முடியணும்.

'காச்சர் கோச்சர்'. விவேக் ஷான்பாக் கன்னடத்தில் எழுதியது, தமிழில் கே. நல்லதம்பி மொழிபெயர்த்திருக்கிறார். மெலிந்த புத்தகம், மதியம் எடுத்தால் விளக்கு வைக்கும் நேரத்துக்குள் முடிந்துவிடும். பெங்களூரில் சின்ன வீட்டில் இருந்த கூட்டுக் குடும்பம், சித்தப்பா தொடங்கிய மசாலா வியாபாரத்தால் திடீரென்று வசதிக்கு வருகிறது. பழைய வீட்டில் அவர்கள் எறும்போடு நடத்தும் யுத்தம் ஒன்று வரும், கவனமாகப் படியுங்கள். பிற்பாடு அந்தக் குடும்பம் என்ன ஆகும் என்பது அங்கேயே தெரிந்துவிடுகிறது. முடிவு கொஞ்சம் முள்ளாகக் குத்தும், ஆனால் தூக்கம் போகாது.

இன்னொன்று பெருமாள்முருகனின் 'பூனாச்சி'. 2016இல் வந்தது. ஒரு கிழவனும் கிழவியும் வளர்க்கும் கறுப்பு வெள்ளாட்டுக் குட்டியின் கதை. மழை பொய்த்த ஊரில் நடக்கிறது. வெளியே கொட்டும்போது அதைப் படிப்பதில் ஒரு தனி ருசி இருக்கிறது. ஆடு மாடு என்றாலே மனசு இளகிவிடும் ஆளா நீங்கள்? அப்படியானால் கடைசிப் பகுதியைப் பகலிலேயே முடித்துவிடுங்கள்.

சாகித்ய அகாதமி விருது வாங்கினதை எடுத்தா தப்பாதுல்ல?

தரம் தப்பாது, பொருத்தம் தப்பலாம். 2020இல் விருது பெற்ற இமையத்தின் 'செல்லாத பணம்' நல்ல நாவல். ஆனால் தீக்காயத்தோடு ஆஸ்பத்திரியில் கிடக்கும் மகளையும் வெளியே காத்திருக்கும் குடும்பத்தையும் பற்றியது. மழையில் தனியாக இருப்பவருக்கு நான் எடுத்துத் தர மாட்டேன். ஒருவர் வற்புறுத்தி வாங்கிப் போனார், மறுநாள் காலையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, பதிலுக்குச் சிரிப்புப் புத்தகம் கேட்டார்.

2023இல் விருது பெற்ற தேவிபாரதியின் 'நீர்வழிப் படூஉம்' நாவலிலும் சாவு இருக்கிறது என்று ஒருவர் தயங்கினார். காரு மாமா என்பவரின் சாவுக்கு உறவுகள் கூடுகின்றன, அழுகிறார்கள், பழசைப் பேசுகிறார்கள், சண்டை போடுகிறார்கள். கொங்கு நாட்டு நாவிதக் குடும்பங்களின் வாழ்க்கை அவர்கள் பேச்சிலேயே வந்துவிடுகிறது. துக்க வீட்டுக் கதைதான், ஆனாலும் படித்து முடித்ததும் சொந்தக்காரர் யாருக்காவது போன் போடத் தோன்றும். இதைத் தயங்காமல் எடுக்கலாம். 2018இல் விருது பெற்ற எஸ். ராமகிருஷ்ணனின் 'சஞ்சாரம்' நாதஸ்வரக் கலைஞர்களைப் பற்றியது. பக்கம் அதிகம், அடைமழைக்கு அது.

வீட்ல பாட்டி முதல் பேரன் வரைக்கும் சேர்ந்து பார்க்கணும். முகம் சுளிக்கிற மாதிரி எதுவும் வரக்கூடாது. இருக்கா?

'தலைவெட்டியான் பாளையம்'. 2024 செப்டம்பரில் பிரைம் வீடியோவில் வந்தது, 8 எபிசோடு. பட்டணத்துப் பையன் ஒருவன் வேறு வேலை கிடைக்காமல் ஒரு கிராமத்துக்குப் பஞ்சாயத்துச் செயலராகப் போகிறான். பெரிய வில்லன் கிடையாது, ரத்தம் கிடையாது. ஊராட்சித் தலைவி தேவதர்ஷினி, அவர் பெயரில் அதிகாரம் செய்யும் கணவர் சேத்தன். நிஜத்திலும் அவர்கள் தம்பதிதான். இயக்கியவர் நாகா, 1990களில் 'மர்மதேசம்' எடுத்த அதே நாகா. அதில் 'விடாது கருப்பு' கதையிலும் சேத்தனும் தேவதர்ஷினியும் நடித்திருக்கிறார்கள். இதைச் சொன்னால் போதும், பாட்டி டிவி முன்னால் வந்து உட்கார்ந்துவிடுவார்.

'ஸ்வீட் காரம் காபி'யும் இந்த வகைதான். 2023இல் வந்தது, இதுவும் பிரைமில் 8 எபிசோடு. மாமியார், மருமகள், பேத்தி மூவரும் வீட்டில் சொல்லாமல் காரை எடுத்துக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்புகிறார்கள். நடுவில் கொஞ்சம் இழுக்கும். லட்சுமியின் நடிப்புக்காகப் பொறுத்துக்கொள்ளலாம்.

'பஞ்சாயத்' இந்தியிலேயே பார்த்துட்டேன். தமிழ்லயும் பார்க்கணுமா?

அவசியமில்லை. மேலே சொன்ன 'தலைவெட்டியான் பாளையம்' அந்த இந்தித் தொடரின் முதல் சீசனை ஒட்டியே போகிறது. நன்றாக ஞாபகம் இருந்தால் அடுத்த காட்சி என்ன என்று தெரிந்துகொண்டே பார்ப்பீர்கள். வீட்டில் இந்தி தெரியாதவர்கள் இருந்தால் அவர்களோடு உட்கார்ந்து பார்க்கலாம், நமக்குப் பிடித்ததை இன்னொருவர் முதன்முதலாகப் பார்ப்பதைப் பார்ப்பதும் ஒரு பொழுதுபோக்குதான். தமிழை முதலில் பார்த்தவர்கள் ஆசை தீராவிட்டால் இந்திக்குப் போகலாம். அங்கே 2025 வரைக்கும் 4 சீசன் வந்திருக்கிறது.

எனக்குக் கிரைம் இல்லாம ஓடாது. 'சுழல்' பார்க்கலாமா?

பார்க்கலாம், பிள்ளைகள் தூங்கிய பிறகு. புஷ்கர்–காயத்ரி உருவாக்கிய தொடர். முதல் சீசன் 2022 ஜூனில் வந்தது. மயானக் கொள்ளைத் திருவிழா நடக்கும் நாட்களில் ஒரு பெண் காணாமல் போகிறாள். திருவிழாவின் ஒவ்வொரு நாளும் விசாரணையோடு பின்னிக்கொண்டே வருகிற அழகு தமிழ்த் தொடர்களில் அபூர்வம். ஆனால் குழந்தைகள் மீதான பாலியல் கொடுமை கதையின் மையத்தில் இருக்கிறது. முதல் கேள்வியில் சொன்ன தூக்கக் கணக்கில் இது தேறாது. இரண்டாம் சீசன் 2025 பிப்ரவரியில் வந்தது, அதிலும் ஒரு திருவிழா உண்டு.

மழைக்கு ஏற்ற கிரைம் என்றால் நான் மலையாளத்தின் 'கேரளா கிரைம் ஃபைல்ஸ்' பக்கம் கையைக் காட்டுவேன். தமிழ் டப்பிங்கிலும் இருக்கிறது. முதல் சீசன் 2023, 6 எபிசோடுதான். ஒரு லாட்ஜில் கொலை. போலீஸ் கையில் இருப்பதெல்லாம் லாட்ஜ் பதிவேட்டில் எழுதியிருக்கும் ஒரு பெயரும் ஒரு பொய் முகவரியும். அவ்வளவுதான் துப்பு. சண்டை, துரத்தல் எதுவும் இல்லாமல் ஒவ்வொரு வீடாக விசாரித்துக்கொண்டே போவார்கள். கிரைம் என்ற பெயரில் இவ்வளவு நிதானமாக ஒரு தொடர் எடுக்க முடியும் என்பதே ஆறுதலாக இருக்கிறது.

'ஹார்ட் பீட்' 100 எபிசோடாமே? அதை எப்படிங்க பார்க்கிறது?

முதல் சீசன் 100 எபிசோடு, உண்மைதான். 2024 மார்ச்சில் தொடங்கி வாராவாரம் 4 எபிசோடாக வந்தது. ஆஸ்பத்திரியில் பயிற்சிக்குச் சேரும் இளம் டாக்டர்களின் கதை. எபிசோடு சின்னது என்பதால் வேலைக்கு நடுவே பார்க்கச் சௌகரியம். ஒன்றிரண்டை விட்டுவிட்டாலும் கதை புரியும். வீட்டில் சீரியல் பார்த்துப் பழகியவர்களுக்கு இது சட்டென்று ஒட்டிக்கொள்கிறது. மூன்று நாள் லீவில் மொத்தத்தையும் முடிக்கிறேன் என்று மட்டும் கிளம்ப வேண்டாம்.

வெளிநாட்டுத் தொடர் எதுவும் சொல்ல மாட்டீங்களா? சப்டைட்டில் படிச்சுக்கிட்டே பார்க்கிறது எனக்குப் பிரச்சினை இல்லை.

சப்டைட்டில் பழக்கம் மழைக்கு வரம். தகரக் கூரையில் மழை அடிக்கும்போது எந்த மொழி வசனமும் காதில் விழாது. ஜப்பானியத் தொடர் 'மிட்நைட் டைனர்: டோக்கியோ ஸ்டோரீஸ்' பாருங்கள், நெட்ஃபிளிக்ஸில் 2016இலும் 2019இலும் பத்துப் பத்து எபிசோடாக வந்தது. நள்ளிரவு 12 மணிக்குத் திறந்து காலை 7 மணிக்கு மூடும் ஒரு சின்ன சாப்பாட்டுக்கடை. சுவரில் எழுதியிருப்பது ஒரே ஒரு சூப்பும் குடிக்கிற சமாச்சாரங்களும்தான். ஆனால் சாமான் இருந்தால் யார் எதைக் கேட்டாலும் முதலாளி செய்து கொடுப்பார். ஒவ்வொரு எபிசோடிலும் ஒரு சாப்பாடு, அதைக் கேட்டு வருகிறவரின் கதை. அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அவர் முகத்தில் இருக்கும் வெட்டுத் தழும்பு எப்படி வந்தது என்று யாரும் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை. கெத்தேல் சாகிப் கதை பிடித்தவர்களுக்கு இது நிச்சயம் பிடிக்கும்.

அதே நெட்ஃபிளிக்ஸில் 'தி மக்கனை', 2023 ஜனவரியில் வந்தது, 9 எபிசோடு. கியோட்டோவில் நடனக் கலைஞர் ஆக வந்த இரண்டு தோழிகளில் ஒருத்திக்கு நடனம் வரவில்லை, அந்த வீட்டின் சமையல்காரி ஆகிவிடுகிறாள். அதற்காக அவள் வருத்தப்படுவதே இல்லை, அதுதான் விசேஷம். பசியோடு பார்க்காதீர்கள்.

மழை லீவு விட்டுட்டாங்க. பிள்ளைங்க போனைப் பிடுங்கிக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க. என்ன செய்ய?

போனிலேயே படிக்கக் கொடுங்கள், சண்டை மிச்சம். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் படக்கதைகள் தமிழில் இலவசம், வாசிக்கும் திறனுக்கு ஏற்ப நிலை பிரித்து வைத்திருக்கிறார்கள். எழுத்துக்கூட்டும் வயதுக்கு முதல் நிலையில் தொடங்குங்கள்.

தானாகப் படிக்கிற வயது என்றால், சாகித்ய அகாதமியின் பால புரஸ்கார் விருது பெற்றவற்றைத் தேடலாம். உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' 2023இல் பெற்றது, கீழடிப் பின்னணியில் நடக்கும் கதை. யூமா வாசுகியின் 'தன்வியின் பிறந்தநாள்' 2024, விஷ்ணுபுரம் சரவணனின் 'ஒற்றைச் சிறகு ஓவியா' 2025. வாங்கிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடாமல், முதல் அத்தியாயத்தை நீங்களே சத்தமாக வாசியுங்கள். இரண்டாவதை அவர்களே பிடுங்கிக்கொள்வார்கள்.

கரண்ட் போயிட்டா எல்லாம் முடிஞ்சுதே?

கரண்ட் போனால் மோடமும் போகும், மோடம் போனால் வைஃபையும் போகும். டவர் இருந்தாலும் புயல் நேரத்தில் டேட்டா நகராது. அதனால் மஞ்சள், ஆரஞ்சு எச்சரிக்கை என்று செய்தி வந்த அன்றே இரண்டு மூன்று எபிசோடுகளைப் போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பார்க்கத் தொடங்கிய பிறகு 48 மணி நேரத்தில் காலாவதி ஆகும் படங்களும் உண்டு. மழைக்கு முன்னால் ஆசைப்பட்டுத் திறந்துவிட வேண்டாம்.

அதைவிட நல்ல வழி காதால் கேட்பது. திரையை அணைத்துவிட்டுக் கேட்டால் போன் சார்ஜ் நெடுநேரம் நிற்கும். பாம்பே கண்ணன் பல குரல்களோடு நாடகம் போல் ஒலிநூலாக்கிய 'பொன்னியின் செல்வன்' இருட்டில் கேட்பதற்கென்றே செய்தது மாதிரி இருக்கும். கண் சரியில்லாமல் படிப்பை விட்டுவிட்ட பெரியவர்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன்.

'பொன்னியின் செல்வன்' படம் ரெண்டும் பார்த்தாச்சு. இனிமே புத்தகம் எதுக்கு?

2022, 2023 இரண்டு வருஷத்திலும் இந்தக் கேள்வியைத்தான் அதிகம் கேட்டேன். ஐந்து பாகத்தை இரண்டு படத்தில் அடைத்தால் ஓட்டம்தான் மிஞ்சும். கல்கி ஓடுவதில்லை. ஆடிப்பெருக்கன்று வந்தியத்தேவன் வீராணம் ஏரிக்கரையில் குதிரையில் வருகிற முதல் அத்தியாயத்தையே பாருங்கள், ஏரியையும் மதகுகளையும் புதுவெள்ளத்தையும் வேடிக்கை பார்த்துக்கொண்டே போகிறான். வாராவாரம் பத்திரிகையில் வந்த கதை என்பதால் அத்தியாயங்கள் சின்னவை, நிறுத்தி நிறுத்திப் படிக்கத் தோதானவை. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை, மதுரைத் திட்டம் இணையதளத்தில் காசில்லாமல் கிடைக்கும். கூரியர் வராத நாளில் இது பெரிய விஷயம்.

ஒரே ஒரு ஓடிடிக்குத்தான் காசு கட்டுவேன். எதுக்குக் கட்ட?

இந்தப் பக்கத்தில் சொன்னதை வைத்துப் பார்த்தால், வீட்டோடு பார்க்க பிரைம், தனியாகப் பார்க்க நெட்ஃபிளிக்ஸ். 'ஹார்ட் பீட்', 'கேரளா கிரைம் ஃபைல்ஸ்' இரண்டும் ஹாட்ஸ்டாரில் வந்தவை, அது 2025 பிப்ரவரியிலிருந்து ஜியோஹாட்ஸ்டார். வருஷக் கணக்கில் எதற்கும் கட்டாமல், ஒரு மாதம் ஒன்று, அடுத்த மாதம் இன்னொன்று என்று மாற்றிக்கொள்வதே புத்திசாலித்தனம். 'மர்மதேசம்' யூடியூபிலேயே இருக்கிறது.

ஒரு எபிசோடுன்னு உட்கார்ந்தா விடிஞ்சிடுது. எப்படி நிறுத்துறது?

எபிசோடின் முடிவில் நிறுத்தப் பார்ப்பதால்தான் நிறுத்த முடிவதில்லை. முடிவில்தானே கொக்கி போட்டு வைக்கிறார்கள்! நடுவில் நிறுத்துங்கள். பதினைந்தாவது நிமிஷத்தில், யாராவது காபி குடித்துக்கொண்டு பேசுகிற காட்சியில் அணைத்துவிட்டுப் போய்ப் படுங்கள். மறுநாள் மிச்சத்தைப் பார்த்து, அடுத்த எபிசோடின் பாதியில் மறுபடி நிறுத்துங்கள்.

மழை வந்தாலே புத்தகத்துல நமுப்பு வாடை, பூஞ்சை. என்ன பண்றது?

அலமாரியை வெளிச்சுவரில் ஒட்டி வைக்காமல் நாலு விரல் தள்ளி வையுங்கள். புத்தகங்களை நெருக்கி அடுக்காதீர்கள், காற்றுப் போக இடம் வேண்டும். தஞ்சாவூர் சரஸ்வதி மகால் நூலகத்தில் சுவடிகளைக் காக்க வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை எல்லாம் இடித்து, கற்பூரம் கலந்து துணியில் முடிந்து வைக்கும் வழக்கம் உண்டு. நான் வசம்பும் கற்பூரமும் மட்டும் வைக்கிறேன். வெள்ளைப் பூஞ்சை படிந்துவிட்டால் வீட்டுக்குள் தட்டாமல், முகத்தில் துணி கட்டிக்கொண்டு வெளியே எடுத்துப் போய் உலர்ந்த துணியால் துடையுங்கள்.

இரவல் வாங்கின புத்தகம் நல்லா நனைஞ்சுபோச்சு. தெரியாம அலமாரியில வச்சிடலாமா?

வைக்காதீர்கள், பக்கத்தில் இருப்பதற்கும் பூஞ்சை பிடிக்கும். சொட்டச் சொட்ட இருந்தால் தண்ணீர் வடியும்வரை நிமிர்த்தி நிறுத்துங்கள். பிறகு சில பக்கங்களுக்கு ஒரு வெள்ளை டிஷ்யூ தாளாக இடையில் வைத்து ஃபேன் காற்றில் காய விடுங்கள், தாள் ஈரமானதும் மாற்றுங்கள். செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டிக்கொள்ளும். வெயிலிலோ அடுப்பு அருகிலோ வைத்தால் அட்டை முறுக்கிக்கொள்ளும். பளபளப்பான தாளில் அச்சிட்ட புத்தகம் என்றால் பக்கங்கள் ஒட்டிப்போகும் முன்பே பிரித்து வைக்க வேண்டும், தாமதித்தால் காப்பாற்ற முடியாது. முக்கால்வாசி காய்ந்ததும் மேலே கனமாக எதையாவது ஏற்றி இரண்டு நாள் வையுங்கள். அப்புறம் என்னிடம் கொண்டு வாருங்கள். தேறாது என்றால் புதுப் பிரதியாக வாங்கிக் கொடுத்துவிடுங்கள், நனைந்ததை நீங்களே வைத்துக்கொள்ளலாம்.